கமெண்டரி கேட்க 12 சுற்று லூப்

ரேடியோவின் மீடியம் வேவில் (ஏஎம்) தூரத்து ஸ்டேஷன் பிடிக்கணும்னா சிக்னலைக் கூட்டுவதை விட இரைச்சலைக் குறைப்பதுதான் முதல் வேலை. சென்னை அடுக்குமாடியில் எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ், ட்ரையாக் (மின்னணு ஸ்விட்ச்) வைத்த ஃபேன் ரெகுலேட்டர் மூன்றும் சேர்ந்தால் ஸ்கோரே காதில் விழாது. அதற்குத்தான் இந்த லூப், அதாவது சட்டத்தில் வயர் சுற்றிய ஆன்டெனா.

85 செ.மீ. மர ரீப்பர் இரண்டைப் பெருக்கல் குறியாகப் பிணைத்தால் 60 செ.மீ. பக்கமுள்ள சதுரம் கிடைக்கும். நான்கு முனையிலும் 8 செ.மீ. குறுக்குக் கட்டை வைத்து, அதில் 6 மி.மீ. இடைவெளியில் வெட்டு போட்டு, இன்சுலேட்டட் வயர் 12 சுற்று. 30 மீட்டர் போதும். இரு நுனியையும் பிவிசி கேங்கில் (ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் மாறு மின்தேக்கி) பற்றவைக்கணும். என் கேங், அதன் இரண்டு பிரிவையும் இணைத்தால் 500 பைக்கோஃபேரட் (மின்தேக்கு அளவு) வரும்படி பார்த்து, ரிச்சி தெருவில் வாங்கியது.

முதல் தடவை சுற்றுகளை ஒட்ட ஒட்டச் சுற்றியதில் 1200 கிலோஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. வயர்கள் நெருங்கினால் இண்டக்டன்ஸும் (சுருளின் மின்தூண்டல்) ஏறும், சுற்றுகளுக்கு இடையே கெப்பாசிட்டியும் (மின்தேக்கம்) ஏறும்; இரண்டும் ட்யூனிங்கைக் கீழே இழுக்கும். இடைவெளி விட்டதும் பேண்ட் முழுக்க வந்தது. கேங்கின் தண்டில் கை பட்டால் ட்யூனிங் நகரும். பிளாஸ்டிக் குமிழ் கட்டாயம்.

ரேடியோவுக்கு வயர் இணைப்பு எதுவும் வேண்டாம். ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடு லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி பக்கத்தில் வைத்து, கேங்கை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் ஒலி குபீரென்று எழும். சோதிக்க நல்ல அடையாளம், இருட்டிய பின் 882 கிலோஹெர்ட்ஸில் இலங்கைப் புத்தளத்தின் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ. புத்தளம் சென்னைக்கு நேர் தெற்கு. சட்டத்தின் விளிம்பைத் தெற்கே காட்டினால் கிழக்கும் மேற்கும் அடங்கிவிடும். ஆனால் ஸ்டேஷனைப் பார்த்துத் திருப்பாதீர்கள், இரைச்சல் எங்கே சாகிறது என்று பார்த்துத் திருப்புங்கள். சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் பேச்சு தெளியும்.

மேட்ச் நடக்கும் நேரமும் முக்கியம். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட்: இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு, 347-இல் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, டை. அந்தக் கடைசி ஓவர் சூரியன் மறையும் முன்னரே முடிந்தது. பகலில் அயனமண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற பகுதி) டி அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிவிடுவதால் தரை அலை எட்டும் தூரம் வரைதான் கேட்கும். இருட்டியதும் அந்த உறிஞ்சல் போய்விடும், அதனால் பகலிரவு ஆட்டங்களின் இரண்டாம் இன்னிங்ஸ்தான் தூரத்து ஸ்டேஷனுக்கு ஏற்றது.

விக்கெட் விழும்போது எழும் ஆரவாரமும் இரைச்சல் மாதிரியேதான், வர்ணனையாளர் குரலை மூடிவிடும். ரேடியோவில் பேண்ட்விட்த் (உள்ளே விடும் அலைவரிசையின் அகலம்) மாற்றும் வசதி இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். குரல் மங்கினால் ட்யூனிங்கைத் தொடாமல் காத்திருக்கணும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே திரும்பி வரும்.