தைலேரியாவின் வீரியம் இறங்கும்வரை

கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது தைலேரியா. ஹையலோமா உண்ணி பரப்பும் இந்த ஒட்டுண்ணி நாட்டு மாடுகளை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் (எச்.எஃப்.) கலப்பினங்களைத்தான் வாட்டும். இதைக் குணப்படுத்த பியூபார்வாகோன் என்ற மருந்து ஊசி இருக்கிறது. விலை அதிகம், ரத்தம் சுண்டிய பிறகு போட்டால் பலனும் குறைவு. அதனால்தான் தடுப்பூசி வேண்டும் என்கிறேன்.

காய்ச்சலில் கிடந்த ஒரு கன்றிடம்தான் வேலை தொடங்கியது. தோளுக்கு முன்னால் நிணநீர் முடிச்சு எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. அதில் ஊசி குத்தி உறிஞ்சியதை அணுக்களை வளர்க்கும் சத்துக் கரைசலான ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் கலந்து 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தோம். சில குடுவைகளில் பூஞ்சை பிடித்தது. சிலவற்றில் அணுக்கள் பெருகின.

சைசான்ட் என்ற பெருகும் நிலையில் இந்த ஒட்டுண்ணி வெள்ளையணுவுக்குள் இருந்துகொண்டு அதை ஓயாமல் பிரிய வைக்கும். மாட்டைக் கொல்வதும் அந்தக் குணம்தான், குடுவையில் அதை வளர்க்க முடிவதும் அந்தக் குணத்தால்தான். சில நாளுக்கொருமுறை ஒரு பகுதியை எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்றினால் அது ஒரு பாஸேஜ். நூறைத் தாண்டும் அளவுக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒட்டுண்ணியின் வீரியம் மெல்ல மெல்ல இறங்கும். அப்படி வீரியம் இறங்கிய அணுக்கள்தான் தடுப்பூசி. பொங்கலானாலும் தீபாவளியானாலும் அணுக்களுக்கு விடுமுறை கிடையாது. அவ்வப்போது கிம்சா சாயமேற்றிப் பார்ப்பேன். நீல அணுவுக்குள் ஒட்டுண்ணி ஊதாப் புள்ளிகளாகக் கொத்தாகத் தெரிந்தால்தான் அன்று மனசு அடங்கும்.

என்னை உலுக்கியது கன்றுகளில் செய்த சோதனை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, உண்ணியில்லாத கொட்டகையில் வைத்து, காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தோம். காது நரம்பில் ரத்தம் எடுத்து ஒட்டுண்ணியைத் தேடினோம். தடுப்பூசி போட்ட கன்றுகளுக்கு லேசான சூடு வந்து தணிந்தது. பிறகு வீரியமுள்ள கிருமியை ஏற்றியபோதும் அவை தீனியை விடவில்லை. ஊசி போடாத கன்று 41 டிகிரிக்குப் போய் மூச்சிரைத்தது. உடனே பியூபார்வாகோன் போட்டு மீட்டோம். அந்த இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மிச்சமிருப்பது குளிர்ச்சிப் பிரச்சினை. ஏற்கெனவே சந்தைக்கு வந்த ரக்ஷாவேக்-டி தடுப்பூசியும் இதே வழியில் தயாரானதுதான். உயிருள்ள அணுக்கள் என்பதால் –196 டிகிரி திரவ நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். உருக்கினால் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும். கொட்டிலில் ரெண்டே மாடு வைத்திருப்பவருக்கு இது எப்படிச் சரியாகப் போய்ச் சேரும்? சாதாரண ஃபிரிட்ஜில் தாங்கும் தடுப்பூசிதான் அவருக்கு உதவும். அதற்காக, உண்ணி கடிக்கும்போது மாட்டுக்குள் நுழையும் நிலையான ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்பிலுள்ள ஸ்பேக்-1 புரதத்தில் இப்போது வேலை செய்கிறேன். தனியாக அது தரும் பாதுகாப்பு போதாது; வேறு புரதங்களோடு சேர்த்துப் பார்க்கிறோம்.