மாடு கட்டின இடத்துலதான் இப்ப எங்க ஹால்

பக்கத்து பண்ணைக்கார தாத்தா டீ குடிக்க வந்தவரு எங்க சோபாவைக் காட்டி, "இந்த இடத்துலதான் எங்க சித்தப்பா பால் கறப்பாரு, ஆறு மாடு ரெண்டு ரெண்டா நிக்கும்"னு சொன்னாரு. எனக்கு கப்பு கையிலயே நின்னுருச்சு. வாடகை பேசும்போது பழைய கல் வீடுன்னு மட்டும்தான் சொன்னாங்க, இதை யாரும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொன்னேன். "அத்தனை தூரம் போயி கட்டுத்தரைலயா கண்ணு குடியிருக்கறீங்க?"ன்னு அம்மா குரலே இறங்கிப்போச்சு. அப்பா போனை வாங்கிக் கேட்டது வேற. "மாடு எந்தப் பக்கம் பாத்து நிக்குமாம்? கேட்டியா?"

அப்பறம்தான் நான் இந்த வீட்டை ஒழுங்காப் பாக்கவே ஆரம்பிச்சேன்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல, யார்க்‌ஷயர் ஹாலிஃபாக்ஸுக்கு மேல மலைச்சரிவுல. இந்தப் பக்கம் இந்த மாதிரி வீட்டுக்கு லேத் ஹவுஸ்னு பேரு. வீடு, மாட்டுக்கொட்டாய், களம், தீவனம் போடற பரண் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கும், பெரும்பாலும் 18, 19-ஆம் நூத்தாண்டுல கட்டினது. நல்ல கெட்டியான மணற்கல்லு, ஆனா பழைய மில்லு புகை படிஞ்சு படிஞ்சு கருப்பாயிருச்சு, முதல்ல பாத்தப்போ தீ பிடிச்ச வீடோன்னு நினைச்சேன். கூரையும் கல்லுதான். தாழ்வாரத்துல பெரிய பெரிய பலகைக்கல்லு, மேல போகப் போக சின்னதாகி உச்சியில கையகலத்துக்கு நிக்கும், அப்பதான் அதிக பாரம் சுவத்துமேல நேரா இறங்கும். சுவத்து உச்சியில ஆந்தை வந்து போக ஒரு ஓட்டை வேற விட்டிருக்காங்க, எலி பிடிக்கறதுக்கு! அதைப் பாத்ததுமே இந்த வீடு எனக்குப் பிடிச்சுப்போச்சு.

மாடிப்பக்கம் கல்லுச் சட்டம் வெச்சு அஞ்சாறு ஜன்னல் ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கு. அது தறிக்கு வெளிச்சம் வேணும்னு வெச்சது. இந்த மலையில வெறும் விவசாயத்தை நம்பி யாரும் பிழைக்க முடியாது, அதனால கீழ மாடு, மேல தறி. நெய்த கம்பளித் துணியை விக்கறதுக்குன்னே ஹாலிஃபாக்ஸ்ல பீஸ் ஹால்னு 1779-ல திறந்தாங்க, 315 ரூமு, நடுவுல பெரிய முற்றம். நான் அங்க போயி நின்னப்போ சென்னிமலைல எங்க பெரியம்மா வீட்டுத் தெரு ஞாபகம் வந்து அப்படியே நின்னுட்டேன், விடியக்காலைல தறிச்சத்தம் கேட்டுத்தான் அங்க முழிப்பே வரும். எங்க வீட்டுக்காரரு வந்து கையைப் பிடிச்சு இழுத்ததுக்கு அப்பறம்தான் நகந்தேன்.

ஆனா எனக்கு எல்லாத்தையும் விட பெருசாத் தெரியறது அந்தக் களம்தான். இப்ப அதுல எங்க சாப்பாட்டு மேஜை கிடக்குது. முன்னாடி பெரிய வளைவு வாசல், புல்லுப்பாரம் ஏத்தின வண்டி அப்படியே உள்ள வர்ற உயரம். அதுக்கு நேர் எதுத்தாப்ல பின் சுவத்துல ஒரு சின்ன வாசல். வண்டிக்குப் பெரிய வாசல் சரி, சின்னது எதுக்குன்னு கேட்டேன். தாத்தா சொன்னாரு, காத்துக்கு. ரெண்டையும் திறந்து போட்டா மலைக்காத்து ஒரு பக்கம் புகுந்து இன்னொரு பக்கம் போகும், நடுவுல கல்லு பாவின தரையில ஓட்ஸ் கதிரைத் தடியால அடிச்சு அந்தக் காத்துல தூத்துவாங்களாம். வருஷம் பூரா மழை பேயற ஊரு, வெளிய களம் போட்டா தானியம் முளைச்சுரும். அதனால களத்தையே கூரைக்குள்ள கொண்டுவந்து, காத்துக்கும் வாசல் வெச்சுக் கட்டியிருக்காங்க. எத்தனை அறிவு! கண்ணே கலங்கிருச்சு எனக்கு.

எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, தை மாசம் கம்பு தூத்த களத்துல முறத்தைத் தூக்கிட்டு காத்துக்காக நிப்பாரு. ஆனி ஆடின்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளும், தையில அப்படி இல்ல, வரும், நிக்கும். நின்னுட்டா வேப்ப மரத்தடியில உக்காந்துக்குவாரு, நாங்க உமித்தூசி அப்பின முகத்தோட சுத்தி ஓடிட்டிருப்போம், பாட்டி அம்மிச்சி மோர் கொண்டாந்து வைக்கும். கழுத்தெல்லாம் அரிக்கும், அதுக்கு வாய்க்கால்ல போயி விழுவோம்.

எங்க விட்டேன்... ஆமா, குறைன்னு பாத்தா ஈரம். முன்னாடி இருந்தவங்க சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்துட்டு சிமெண்ட் பூசிட்டாங்க. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிய விட்டுரும், சிமெண்ட் விடாது, உள்ளயே நின்னு கல்லு பொரிஞ்சு உதிருது. இந்த வீடு அரசாங்கம் பாதுகாக்கற பழைய கட்டடங்களோட பட்டியல்ல கிரேடு டூ, அதனால ஜன்னல் மாத்தறதுன்னாலும் கவுன்சில்ல அனுமதி வாங்கணும். எல்லாரும் அதைப் பெரிய தொல்லைன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. பாகம் பிரிச்சப்போ ஊர்ல நடுவுல முற்றம் வெச்ச எங்க தொட்டிக்கட்டு வீட்டையும் மாடு கட்டற தொண்டுப்பட்டியையும் ஒரே நாள்ல ஜேசிபி வெச்சுத் தள்ளினாங்க, எந்த ஆபீஸ்லயும் ஒரு கையெழுத்து கேக்கல. அந்தக் கல்லுக்காலுக எங்க போச்சுன்னு இன்னைக்கும் யாருக்கும் தெரியாது.

இங்க குளிரு பழகிருச்சு, ரோடு பழகிருச்சு, பசங்க இந்த ஊர்க்காரங்களாவே ஆயிட்டாங்க, நானும் நல்லாத்தான் இருக்கேன். சாயங்காலம் அந்த மேஜையில உக்காந்து அவரைக்காய் நறுக்கறப்போ மட்டும் காதுல மாட்டுமணி கேக்கும்.

மாடு களத்தைப் பாத்துத்தான் நின்னுச்சாம், அந்தப் பக்கமிருந்தே தீவனம் தள்ளுவாங்க, ரெண்டு ரெண்டு மாட்டுக்கு நடுவுல ஒரு பலகைக்கல்லு. அப்பாகிட்டச் சொன்னேன், "அப்படித்தான் இருக்கோணும்"னாரு. கோடைக்கு ரெண்டு பேரும் வர்றாங்க. ரெண்டு வாசலையும் திறந்து வெச்சு ஒரு படி கம்பு தூத்திப் பாக்கோணும்னு இப்பவே சொல்லிட்டாரு. எங்க வளைவுல இப்ப கண்ணாடி, திறக்காது. தாத்தாவோட பண்ணையில ரெண்டு கதவும் இன்னும் நல்லாத் திறக்குது, கேட்டதும் தாராளமா வரச்சொல்லிட்டாரு. கம்புதான் பிரச்சனை. லீட்ஸ் கடையில கிடைக்கறது எல்லாம் சுத்தம் பண்ணின பாக்கெட்டு, எங்களுக்கு உமியோட வேணும்.