சீனி இல்லாதவனுக்குச் சீனிக் குளிசை

பெப்ரவரி 3, 2025, திங்கள்

கிளினிக்கில் புதிதாக ஒரு குளிசை எழுதித் தந்தார்கள். டபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், காலையில் ஒன்று. பிரஷர் குளிசை லொசார்டன் பழையபடி. வெள்ளவத்தை பாமசியில் நின்ற பொடியன் துண்டைப் பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு எவ்வளவு காலமாகச் சீனி வருத்தம்?" என்றான். எனக்கு ஏது சீனி! பழுது சிறுநீரகத்தில்தான். "ஆனால் இது சீனிக் குளிசையல்லோ" என்றான். வீட்டில் வந்து அதைச் சொன்னதுதான் பிழை. மனைவி பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பெப்ரவரி 5, புதன்

மைத்துனரின் மகள் வந்தாள், மருத்துவபீடத்தில் கடைசி வருடம். "மாமா, ஒரு கடதாசி தாங்கோ" என்று சாப்பாட்டு மேசையில் படம் கீறினாள். சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கிறதாம். அதோடு போகும் சீனி முழுவதையும் குழாய்கள் திரும்ப இழுத்துவிடும். இந்த மருந்து அந்த வாசலை அடைக்கிறது. சீனியோடு உப்பும் கீழே போகும். உப்புக் கூடியதைக் கண்டதும் சிறுநீரகம் தனக்குள் வரும் இரத்தக் குழாயை இறுக்கும். வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும். எங்கள் மாடிக் கட்டடத்துப் பழைய பைப்புகள் பம்ப் வேகத்தில் கசிவது ஞாபகம் வந்தது. வேகத்தைக் குறைத்தால் பைப் கொஞ்சக் காலம் தாங்கும். சரி, இது விளங்குகிறது.

இந்தக் குளிசையைப் பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வில் 4,304 சிறுநீரக நோயாளர். மூன்றில் ஒரு பங்கினருக்குச் சீனி வருத்தமே இல்லை. சிறுநீரகம் மோசமாகக் கெட்டவர்கள், அதனாலோ இதயத்தாலோ இறந்தவர்கள் என்று எல்லாரையும் சேர்த்தால், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 14.5, மருந்து எடுத்தவர்களில் 9.2. கிட்டத்தட்ட ஐந்து பேர் வித்தியாசம். அந்த ஐவரில் நானும் ஒருவனா என்று எவராலும் சொல்ல முடியாது.

பின்னேரம் அலுமாரி திறந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரவில் கூடுதலாக ஒருதரம் எழும்புகிறேன். சிறுநீரில் சீனி போவதால் கீழே பூஞ்சை பிடிக்கலாம், நன்றாகக் கழுவுங்கோ என்று மைத்துனரின் மகள் சொல்லியிருந்தாள். பிள்ளை வெட்கப்படவில்லை, நான்தான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

பெப்ரவரி 24, திங்கள்

ரிப்போர்ட். சிறுநீரில் குளுக்கோஸ் மூன்று பிளஸ். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 1.75இலிருந்து 1.86, சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் 43இலிருந்து 40. காசு கொடுத்தா மூன்றை இழந்தேன்? டொக்டர் பதறவில்லை. அழுத்தம் இறங்கினால் வடிப்பும் முதலில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பிறகு வருடா வருடம் இறங்கும் வேகம்தான் குறைய வேண்டும் என்றார். சீனி போவது குளிசையின் வேலைதானாம்.

சிவராத்திரி விரதத்தைப் பற்றிக் கேட்டேன். சிரிக்கவில்லை. நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலோ இதை நிறுத்திவைக்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றும், அரிதாக இரத்தத்தில் அமிலமும் கூடும். பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் மறுபடி போடலாம் என்றார்.

பெப்ரவரி 26, சிவராத்திரி

விரதம் மனைவிக்கு, சோறு எனக்கு. வருத்தக்காரனுக்குத் தோஷமில்லை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். இரவு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில், கருங்கல் தூணில் சாய்ந்து மூன்றாம் சாமம்வரை இருந்தேன். கண் சொருகும் நேரம் பார்த்து விலாவில் இடித்தாள்.

"இஞ்சேருங்கோ, காலமைக் குளிசை போட்டனீங்களோ?"