ஒரு ஊசி போட்டாச்சே!

எங்கள் நாய்க்குட்டி கருப்பன் வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு 40 நாள். அந்த வாரமே ஒரு ஊசி போட்டோம். இனி பயமில்லை என்று நானே முடிவு கட்டி, மறுநாளே தெருவில் இறக்கிவிட்டேன். மூன்றே வாரம். ஒருநாள் காலையில் வைத்த பாலை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் வாந்தி, ராத்திரி ரத்தக் கழிச்சல். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் போய்விட்டான். பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்.

"ஊசி போட்டோமே டாக்டர்?" என்று அழாத குறையாகக் கேட்டேன். அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நோய்க்கிருமியை அடிப்பதுபோலவே தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைத்த வைரஸையும் அது அடித்துவிடும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். நடுவில் சில நாள், நோயைத் தடுக்க வலு போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும் என்ற நிலை வேறு.

"நாலு ஊசி போடுறது நாலு மடங்கு பலத்துக்கு இல்லீங்க. நாலுல எது பிடிக்கும்னு நமக்குத் தெரியாது, அதுக்குத்தான்."

இதை முதல் ஊசியன்றே யாராவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து அடுத்த குட்டி, சீனி வந்தாள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூடக் கிடக்குமாம். ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது. தரையையும் படிக்கட்டையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் தேய்த்தேன். கருப்பனின் தட்டு, சாக்கு எல்லாம் குப்பைக்குப் போயின. முற்றத்து மண்ணை என்ன செய்ய? சீனிக்கு மொட்டைமாடி என்று முடிவானது. "அதுக்காகப் பூட்டியே வைக்காதீங்க, தூக்கிக்கிட்டுப் போய் வண்டி, ஆள், மாடு எல்லாம் காட்டுங்க" என்றார் டாக்டர். தினமும் சாயங்காலம் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

குடற்புழு மருந்து கொடுத்து ஒரு வாரம் விட்டு, 6 வாரத்தில் முதல் ஊசி. அடுத்தது 9 வாரத்தில். அதில்தான் சொதப்பினேன். மருந்தை நானே கடையில் வாங்கி, ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனேன். டாக்டர் குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, வெயிலில் சுட்டுக் கிடந்தது. "இதைப் போட்டா ஊசி போட்ட மாதிரி இருக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது." காசு போச்சு. அடுத்த முறை ஐஸ் பெட்டியோடு போனேன்.

அன்றைக்குத்தான் கிட்டே நின்று பார்த்தேன். ஒரு குப்பியின் அடியில் வெள்ளையாகக் கற்பூர வில்லை மாதிரி மருந்து. இன்னொன்றில் தண்ணீர் போல ஒன்று. அதுவும் வெறும் தண்ணீர் இல்லையாம், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்து. அதை உறிஞ்சி இதற்குள் விட்டதும் வில்லை நொடியில் கரைந்தது. பிடரித் தோலைத் தூக்கி ஒரு குத்து. சீனி என் விரலைச் சப்பிக்கொண்டிருந்ததால் கவனிக்கவேயில்லை. குப்பியின் ஸ்டிக்கரை உரித்து அவள் புத்தகத்தில் ஒட்டினார்கள். முகம் வீங்குகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்று முழுக்கச் சுருண்டு படுத்தாள். மறுநாள் என் செருப்பைக் கடித்தாள், சரியாகிவிட்டாள் என்று புரிந்தது.

12 வாரத்தில் மூன்றாவது ஊசி. அடுத்த வாரம் வெறிநோய்த் தடுப்பூசி, அரசு கால்நடை மருத்துவமனையில், காசில்லாமல். "கடி வாங்கினவனுக்குத்தானே ஊசி, கடிக்கிறதுக்கு எதுக்குடா?" என்றார் அம்மா. வெறிநோய்க் குறி தெரிந்துவிட்டால் மனுஷனுக்கும் சரி நாய்க்கும் சரி மருந்து கிடையாது என்றதும் பேசாமல் பையை எடுத்துக் கொடுத்தார்.

16 வாரத்தில் கடைசி ஊசி, அதன்பின் இரண்டு வாரம் காத்திருப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியை முற்றத்தில் இறக்கிவிட்டேன். வந்ததிலிருந்து சிமெண்டிலேயே வளர்ந்தவள். மண்ணில் ஒரு காலை வைத்தாள், சுட்டதுபோல எடுத்தாள், என்னைப் பார்த்தாள். தூக்கச் சொல்லி என் காலில் ஏறினாள்.