வாசல் நடைபாதையில் நிற்கும் வண்டிகள்: டேப் எடுத்து அளந்த பிறகுதான் வழி கிடைத்தது

வீட்டு வாசல் நடைபாதையில் வண்டி நிற்கிறது என்று புகார் கொடுத்தால் பெரும்பாலும் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "மதிலுக்கும் காருக்கும் நடுவே 48 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது" என்று எழுதினால் நேரில் வந்து பார்க்கிறார்கள். ஆகவே முதல் வேலை அளப்பது.

பலரும் டயரிலிருந்து அளக்கிறார்கள். அது தப்பு. பக்கக் கண்ணாடியின் வெளி விளிம்பிலிருந்து மதில் வரை அளக்க வேண்டும், ஆள் இடித்துக்கொள்வது அங்கேதான். பார்வையற்றவரின் வெள்ளைக் கோல் தரையைத் தடவிக்கொண்டு போகும். ஒரு மீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடியோ, சுமை வண்டியின் பின்பலகையோ கோலில் தட்டுப்படாது, நேரே உடம்பில் இடிக்கும். சில நடைபாதைகளில் மேடு தட்டிய மஞ்சள் ஓடுகள் இருக்கும். 1967-ல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை அவை. நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் கவனம். அந்தக் கோட்டின் மேல் சக்கரம் நிற்பது, கோட்டை நம்பி வருபவரைக் கூட்டிக்கொண்டுபோய் வண்டியில் மோதவிடுவதற்குச் சமம். உங்கள் தெருவில் அந்த ஓடு இருந்தால் படத்தில் கட்டாயம் தெரியட்டும்.

சக்கர நாற்காலி சாதாரணமாக 65 முதல் 70 செ.மீ. அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைகளையும் சேர்த்தால் 90 வேண்டும். நெருக்கடியில்லாமல் போக 1.2 மீட்டர், எதிரே ஆள் வந்தால் 1.5. இந்த அளவுகளை மிஞ்சிய அகலத்துக்குப் பக்கத்தில் எழுதினாலே போதும், வேறு வாதம் தேவைப்படாது.

அடுத்தது பதிவு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், வண்டி எண், மிஞ்சிய அகலம் ஆகியவற்றை எழுதுங்கள். நேரம்தான் முக்கியம். ஆள் அனுப்பும்போது வண்டி இருக்காது, புகார் அப்படியே மூடப்பட்டுவிடும். "வேலை நாட்களில் மாலை 6 முதல் 9 வரை" என்று எழுதினால் அந்த நேரத்துக்கு வருவார்கள். படத்தில் நம்பர் பிளேட், விளிம்புக் கல், கதவு எண் மாதிரி அசையாத ஓர் அடையாளம் மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். தரையில் டேப்பை விரித்துவைத்து இன்னொரு படம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

புகாருக்கு முன்னால் ஒருமுறை வண்டிக்காரரிடம் பேசிவிடுவது நல்லது. சட்டத்தைச் சொன்னால் வீம்பு வரும், டயரைச் சொன்னால் காது கொடுப்பார்கள். விளிம்புக் கல்லில் சாய்வாக ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே நூல் அறும். சில நாளில் அந்த இடம் கொப்புளம் போல வீங்கும். வீங்கிய டயரை ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அலைன்மென்ட்டும் போகும். தினமும் ஏறி இறங்குபவருக்கு இது ஏற்கெனவே பட்ட செலவாக இருக்கும். காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவது, பாதையில் கல் உருட்டிவைப்பது எதுவும் வேண்டவே வேண்டாம். புகார் உங்கள் மேல் திரும்பும். அந்தக் கல்லில் யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பும் உங்களுடையது. சொந்தப் பூந்தொட்டியும் அப்படித்தான், அதுவும் ஆக்கிரமிப்பே.

புகார் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். வண்டி போக்குவரத்துக் காவல் துறையின் பொறுப்பு, நடைபாதை உள்ளாட்சியின் பொறுப்பு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் இவர் அவரைக் கைகாட்டுவார். காவலுக்கு எழுதுவதில் நேரமும் வண்டி எண்ணும். உள்ளாட்சிக்கு எழுதுவதில் உடைந்த கல்லும் மிஞ்சிய அகலமும். பதிவு எண்ணை வாங்கி, அடுத்தடுத்து அதே எண்ணைச் சொல்லியே கேளுங்கள். தினம் புதுப் புகார் போட்டால் "மறுபதிவு" என்று மூடிவிடலாம். மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் கேட்பாரற்ற வண்டி என்றால் அதைத் தனியாக அப்படியே குறிப்பிடுங்கள், அதற்கு நடைமுறை வேறு.

உடைந்த கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உள்ளாட்சி அசைவது இதில்தான். ஆள் நடக்கும் பாதைக்குப் பொதுவாகப் போடுவது 60 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர் கல் (ஒன்றோடொன்று சேர்த்துப் பதிக்கும் சிமென்ட் கல்), வண்டி ஏறும் இடத்துக்கு 80. காரின் ஒரு சக்கரம் 300, 400 கிலோவை உள்ளங்கை அகலத்தில் இறக்குகிறது. முதலில் இடுக்கு மணல் போகும், பிறகு ஓர வரிசை நகரும். மழைநீர் இறங்கிக் கீழ்ப்படுகை மணலை அரிக்கும். கல் ஆட ஆரம்பித்து, மிதித்தால் சேறு பீச்சியடிக்கும். பைக்கின் சைடு ஸ்டாண்டு எடையின் ஒரு பகுதியைச் சின்னப் புள்ளியில் அழுத்தும். அதன் கீழ் குடிநீர் மீட்டர் தொட்டியின் மூடி வந்தால் விரிசல் விழலாம். ஐரோப்பியத் தர மூடியில் எழுத்து பொறித்திருக்கும்: ஏ15 என்றால் ஏறத்தாழ ஒன்றரை டன், அது நடப்பவருக்கு மட்டும். பி125 பன்னிரண்டரை டன் தாங்கும்.

அபராதம் அன்றைக்கு வண்டியை நகர்த்தும், அவ்வளவுதான். பாதை நிலையாகத் திரும்ப வேண்டுமானால் குட்டைத் தூண்கள் கேளுங்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே 1.2 முதல் 1.5 மீட்டர் இடைவெளி. நாற்காலி போகும், 1.7 மீட்டர் அகலக் கார் நுழையாது. உயரம் ஒரு மீட்டர் அளவு, நிறம் தரையிலிருந்து பிரிந்து தெரிவதாக இருக்கட்டும். முழங்கால் உயரத் தூண் பார்வை குறைந்தவர்களைத் தடுக்கிவிடும். குழி தோண்டுமுன் கீழே குடிநீர்க் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். பைக்கைத் தூண் தடுக்காது, அதற்குக் கண்காணிப்புதான்.

உங்கள் வாசலுக்கு மட்டும் தூண் வந்தால் வண்டி அடுத்த வாசலுக்குப் போகும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல்தான் மிச்சம். முனையிலிருந்து முனை வரை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள், கூடவே வண்டிக்கும் ஓர் இடம் காட்டுங்கள். 5.5 மீட்டர் சாலையில் 1.8 மீட்டர் கார் இரு பக்கமும் நின்றால் நடுவில் 1.9 மீட்டர்தான். அதற்குப் பயந்துதான் பலர் நடைபாதையில் ஏற்றுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 3.7 மீட்டர் கிடைக்கும், தீயணைப்பு வண்டியே போகலாம். இந்தக் கணக்கைப் படமாக வரைந்து மனுவோடு இணைத்தால், ஒரு பக்க நிறுத்தக் கோடும் தூண்களும் ஒரே வேலையாக வந்துவிடும். வேலை முடிந்த அன்றே இரு முனைகளிலும் டேப் வைத்துப் பாருங்கள். கடைசித் தூணுக்கும் மதிலுக்கும் நடுவில் 1.8 மீட்டர் விட்டிருந்தால் அந்த வழியாகக் கார் ஏறும். ஒப்பந்தக்காரர் இருக்கும்போதே இன்னொரு தூண் போடச் சொல்லிவிடுங்கள்.