திருநாராயணபுரத்துச் செல்லப்பிள்ளை

கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், மைசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள மேல்கோட்டையைத் தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்றே சொல்லிப் பழகியவர்கள். சோழ நாட்டில் நேர்ந்த துன்பத்தால் மேற்கே வந்த ராமானுஜர், 12-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் நாட்டில் பல்லாண்டுகள் தங்கினார் என்றும், நெற்றியில் இட்டுக்கொள்ளும் திருமண் தேடி வந்த இடத்தில் புற்றுக்குள் மறைந்திருந்த திருநாராயணனைக் கண்டெடுத்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

மூலவரைச் சேவித்தபின் கண்கள் தாமாகவே உற்சவரிடம் சென்று நின்றுவிடுகின்றன. டெல்லி அரண்மனையில் இளவரசியின் விளையாட்டுப் பொம்மையாக இருந்த இந்த ராமப்பிரியர், ராமானுஜர் அழைத்ததும் சலங்கை ஒலிக்க நடந்துவந்து அவர் மடியில் அமர்ந்தார் என்பதும், அன்று முதல் செல்லப்பிள்ளை ஆனார் என்பதும் ஐதிகம். பிரிவு தாளாமல் பின்தொடர்ந்து வந்த இளவரசி, பீபி நாச்சியாராக இன்றும் பெருமாளின் திருவடியிலேயே எழுந்தருளியிருக்கிறார். ராமானுஜர் காலத்தில் டெல்லியில் சுல்தான் ஆட்சியே தொடங்கவில்லை என்று வரலாறு அறிந்தவர்கள் சொல்வார்கள், கணக்கு சரிதான். ஆனாலும் ஓர் இஸ்லாமியப் பெண்ணைத் தாயாராக ஏற்று, அன்றாடம் வழிபட்டுவரும் மரபு இங்கே கண்ணெதிரே இருக்கிறது.

உடையவர் எனப்படும் ராமானுஜரின் சந்நிதியில் சற்று அதிக நேரம் நின்றேன். அவர் ஸ்ரீரங்கம் திரும்பவிருந்தபோது அழுது நின்ற சீடர்களுக்காகத் தம் திருவுருவைத் தழுவிக் கொடுத்துச் சென்றதாகச் சொல்லப்படும் 'தமருகந்த திருமேனி' இதுவே. கூப்பிய கைகளோடு சற்றே தலைசாய்ந்த அந்தத் திருமேனியின் முன்னே, வெளியில் கன்னடம் பேசிக்கொண்டிருந்தவர்கள் கோஷ்டியில் அமர்ந்து திருவாய்மொழியைப் பிசகில்லாமல் சேவித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற நான்தான் அடிக்கொருமுறை சொல் தேடித் தடுமாறினேன்.

யோக நரசிம்மர் மலைக்குப் படியேறும்போது, மண்டபங்கள் சூழ்ந்த கல்யாணி தீர்த்தம் கீழே முழுமையாகத் தெரிகிறது. படப்பிடிப்புக் குழுவினர் இல்லாத நாளாக அமைந்தால் அங்கே நிம்மதியாக உட்காரலாம். இந்த மலைக்கோயிலுக்குத் திப்பு சுல்தான் பெரிய முரசு ஒன்றை வழங்கியதாகச் சொல்கிறார்கள். இறங்கி வந்ததும் புளியோதரை. மேல்கோட்டைக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் திரும்புபவர் இருக்க முடியாது.

பங்குனியில் நடைபெறும் வைரமுடி சேவைதான் இத்தலத்தின் பெருவிழா. மண்டியா அரசுக் கருவூலத்தில் வைக்கப்பட்டிருக்கும் வைரமுடி என்னும் கிரீடம் காவல்துறைப் பாதுகாப்புடன் கொண்டுவரப்பட்டு, இரவில் மட்டுமே செல்லப்பிள்ளைக்குச் சாற்றப்படுகிறது. மைசூர் மன்னர் ராஜ உடையார் சமர்ப்பித்த ராஜமுடியும் அதனுடன் வருகிறது. சிறிய ஊர் என்பதால் அன்று தங்க இடம் கிடைப்பது அரிது. மைசூரிலேயே அறை எடுத்துக்கொண்டு மாலைக்குள் வந்து சேர்ந்துவிடுவது நல்லது.