பதினோரு பழனிசாமிகள்

22 ஜூலை 2024, திங்கள்

பத்தரை மணிக்கு சாயப்பட்டறைக்காரர் போன். "ஏனுங் தம்பி, நான் எப்பங்க நூல் கடை வெச்சேன்?" கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சனிக்கிழமை பொழுதோட, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு மெயில் போட்டிருந்தேன். 2/20 நூலுக்கு நீங்கள் சொல்லும் ரேட் கட்டாது, இன்னொருத்தர் குறைத்துத் தருகிறார் என்று. போகவேண்டியது நூல்காரர் பழனிசாமிக்கு. போனது சாயக்காரர் பழனிசாமிக்கு.

மனுசர் சிரித்தார், சரி. இதே மெயில் போட்டி பெட்ஷீட் கடைக்குப் போயிருந்தால் முதலாளி அண்ணா என்னை சென்னிமலை 1,320 படியையும் முட்டி போட்டு ஏற வைத்திருப்பார்.

நடந்தது இதுதான். மெயில் போடும் மென்பொருளான தண்டர்பேர்டில், யாருக்கு என்று கேட்கும் 'டூ' கட்டத்தில் பி, ஏ, எல் மூன்று எழுத்தைத் தட்டினேன். முதலில் வந்த பெயர் மேல் டேப் அடித்தேன். அது சரியான ஆளைத் தேடித் தருகிறது என்று இத்தனை நாளாக நம்பியிருக்கிறேன். அது தேடுவதில்லை. யாருக்கு அதிகமாக மெயில் போகிறதோ அவருக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. எழுத்துப் பொருத்தம் சமமாக இருந்தால் எண்ணிக்கை கூடியவர் மேலே வந்து உட்காருகிறார். இந்த மாதம் முழுக்க சாயக்காரரோடுதான் கடுதாசிப் போக்குவரத்து.

23 ஜூலை, செவ்வாய்

அட்ரஸ் புக்கில் பழனிசாமிகளை எண்ணினேன். பதினொன்று. கொங்கு நாட்டில் இதுவே கம்மி. ஆங்கில எழுத்தில் 'சாமி'யை மூன்று விதமாக எழுதியிருக்கிறோம், 'ழ'வுக்கு ஒருத்தர் எல் போட்டால் இன்னொருத்தர் இசட் ஹெச் போடுகிறார். நாலு பேர் தமிழிலேயே இருக்கிறார்கள், அண்ணா தட்டியவை.

நூல்காரரின் பழைய முகவரி ஒன்று, இப்போது செல்லாதது, அதை நீக்கினேன். மறுபடி பி, ஏ, எல். மறுபடி வந்து நிற்கிறது! மூன்று தடவை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கடைசியில்தான் கண்ணில் பட்டது: புத்தகம் ஒன்றல்ல, இரண்டு. நாம் கையால் சேர்ப்பது 'பர்சனல்'. நாம் மெயில் அனுப்பிய புது முகவரிகளைத் தானாகப் பொறுக்கி வைப்பது 'கலெக்டட் அட்ரசஸ்'. ஒன்றில் நீக்கினால் மற்றதில் உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டாவதில் 600-க்கு மேல். 2019-இல் ஒரே ஒரு தடவை கொட்டேஷன் கேட்ட ஏதோ ஊர்க் கடை, ஜிமெயிலை எழுத்து மாற்றித் தட்டியதால் திரும்பி வந்த முகவரி, எல்லாம் ஒட்டுக்கா கிடக்கிறது. செட்டிங்ஸில் காம்போசிஷன் பக்கம் போய் அந்தத் தானாகச் சேர்க்கும் டிக்கை எடுத்துவிட்டேன்.

25 ஜூலை, வியாழன்

எல்லாவற்றையும் சிஎஸ்வி ஃபைலாக, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியலாக எடுத்து எக்செலில் வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று ரோசனை. ரோசனை என்னுடையதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை அந்த நாலு தமிழ்ப் பெயரும் கேள்விக்குறியாக வந்தன. அண்ணா எட்டிப் பார்த்து, "என்றா தம்பி, ஆளு யாருன்னு மிஷினே நம்மளக் கேக்குது?" என்றார். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'சிஸ்டம் கேரக்டர் செட்' என்பதை எடுத்திருக்கிறேன். நம் விண்டோஸின் அந்தப் பழைய எழுத்துப் பெட்டியில் தமிழுக்கு இடமே இல்லை, இல்லாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி. அதே இடத்தில் கீழே 'யுடிஎஃப்-8' என்று இன்னொன்று இருக்கிறது, தமிழுக்கும் இடம் உள்ள பெட்டி. அதில் எடுத்ததும் ஃபைலுக்குள் பெயர்கள் ஒழுங்காக வந்தன. அதையும் எக்செலில் நேராக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தலைக்குத் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகள்தான். டேட்டா பக்கம் போய் ஃபைலை உள்ளே இழுத்து, யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுக்கவேண்டும்.

பிறகு போன் நம்பர். நம்ம ஊர் லேண்ட்லைன் 04294-இல் ஆரம்பிக்கும். எக்செல் அதைக் கணக்கு எண்ணாக நினைத்து முன்னால் இருக்கும் சைபரைத் தின்றுவிட்டது. 91 சேர்த்துப் போட்ட 12 இலக்க செல் நம்பர்களோ 9.19 என்று தொடங்கி, நடுவில் ஒரு ஈ, அப்புறம் பிளஸ் 11. நம்பரில் ஈ மொய்க்கிறது. இதை அப்படியே சேவ் செய்தால் அந்த ஈயோடுதான் ஃபைலில் போய் விழும், கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. உள்ளே இழுக்கும்போதே அந்த நம்பர் நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றியபிறகுதான் ஈ பறந்தது.

26 ஜூலை, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவிலில் கூழ். வேலை ஓடவில்லை.

29 ஜூலை, திங்கள்

சுத்தம் செய்த ஃபைலை உள்ளே ஏற்றினேன். பழையவற்றோடு சேர்ந்து ஒவ்வொருவரும் இரண்டிரண்டு ஆனார்கள். 22 பழனிசாமி. இருக்கிற ஆளா என்று அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, வந்ததை அடுக்குகிறது. சரி, பழையதை மொத்தமாக நீக்கிவிடுவோம் என்று கன்ட்ரோல்-ஏ, டெலீட்.

மத்தியானம் அண்ணா கேட்டார்: "சேலம் கடைக்காரங்க லிஸ்ட்டுக்கு ஆடித் தள்ளுபடி மெயில் போட்டாச்சா?" லிஸ்ட்டைத் திறந்தேன். காலி. பெயர்ப் பலகை இருக்கிறது, உள்ளே ஒரு ஆள் இல்லை. லிஸ்ட் தனியாக முகவரி வைத்துக்கொள்வதில்லை, புத்தகத்தில் இருக்கும் அட்டைகளைத்தான் கோத்து வைத்திருக்கிறது. அட்டை போனால் அங்கேயும் போச்சு. சிஎஸ்வியில் லிஸ்ட் ஏறுவதும் இல்லை. மதியச் சோறு இறங்கவில்லை.

30 ஜூலை, செவ்வாய்

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை வேலையை ஆரம்பிக்கும் முன், தண்டர்பேர்ட் தன் சரக்கையெல்லாம் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டிருக்கிறேன். புத்திசாலித்தனம் இல்லை, பென் டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்க எதையோ காப்பி செய்தேன், அது அதுவாக இருந்தது.

ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் 'ஓப்பன் ஃபோல்டர்' அழுத்தினால் அந்த இடம் திறக்கும். நம் புத்தகம் முழுக்க 'ஏபுக்' என்ற ஒரே ஃபைல், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வகை. சேர்த்து வைக்கும் மற்றது 'ஹிஸ்டரி'. தண்டர்பேர்டை முழுசாக மூடிவிட்டுத்தான் மாற்றவேண்டும். மாற்றினேன், திறந்தேன். பதினோரு பழனிசாமி, சேலம் கடைகள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல் வந்துவிட்டார்கள்.

அதே பென் டிரைவில் 2018 காலத்துப் பழைய புத்தகமும் இருந்தது, '.மேப்' என்று முடியும் ஃபைல். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்புக்கு முன்னால் தண்டர்பேர்ட் அப்படித்தான் வைத்திருந்தது. நோட்பேடில் திறந்து பார்த்தேன். அடைப்புக்குறியும் எண்ணும் ஒன்றில் ஒன்று சிக்கி, பாவு நூல் அறுந்து சுற்றிக்கொண்ட தறி மாதிரி. மூடிவிட்டேன்.

1 ஆகஸ்ட், வியாழன்

இனி எக்செல் பக்கம் போவதில்லை. பதினோரு பேரையும் ஒவ்வொருவராகத் திறந்து 'டிஸ்ப்ளே நேம்' கட்டத்தை மட்டும் மாற்றினேன். நமக்கு ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் எல்லாம் எங்கே இருக்கிறது? இனிஷியல் ஒரு பக்கம் ஓடுகிறது, அப்பா பெயர் இன்னொரு பக்கம். அதனால் தொழிலை முன்னால் போட்டேன்: நூல் பழனிசாமி, சாயம் பழனிசாமி, லாரி பழனிசாமி, ஆடிட்டர் பழனிசாமி.

அண்ணா மேசை டிராயரிலிருந்து சிவப்பு அட்டை நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார். முப்பது வருச நோட்டு. 'ப' பக்கத்தில் ஒரு பழனிசாமிகூட இல்லை. சாயக்காரர் 'சா' பக்கத்தில், நூல்காரர் 'நூ' பக்கத்தில். "கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பனே" என்றார். நான் கேட்கவில்லைதான்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு, ஆபீஸ் லீவு. மேட்டூர் 120 அடி நிறைந்து காவிரி கரை முட்ட ஓடுகிறது, ஆற்றில் கால் வைக்கவில்லை. சாயக்காரர் வாட்ஸப்பில் நோம்பி வாழ்த்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "நூல் ரேட் படிஞ்சுதுங்களா?"